வேறு உரித்தாளர் இல்லை

1995 செப்ரெம்பர் 12, செவ்வாய்

நாடு விட்டு வந்த இந்த ஊரில், அஜின்கோர்ட் பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்கு லொபி மேசை. வருகிறவர் போகிறவரைப் பார்த்துக் கதவு திறப்பது, பார்சல் வாங்கி வைப்பது. சாவகச்சேரியில் இருபத்தொரு வருஷம் நொத்தாரிசு கந்தோரில் காணிப் பத்திரமும் உறுதியும் எழுதிய கைக்கு இது ஒரு வேலையா? சரி, சம்பளம் தருகிறார்கள்.

மத்தியானம் ஆள் நடமாட்டம் குறைவு. வோபர்ன் பக்கம் இருக்கிற ஜெயரட்ணம் தந்துவிட்டுப் போன காணி உறுதியை விரித்து வைத்து, யாருக்கு யார் பிள்ளை, எந்தத் துண்டு யாருக்குப் போனது என்று ஒரு தாளில் கீறிக்கொண்டிருந்தேன். காணி ஊரில் கிடக்கிறது, அண்ணன் தம்பிச் சண்டை இங்கே நடக்கிறது. எல்லோரும் என்னிடம் வருகிறார்கள். நானும் ஒவ்வொரு முறையும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறேன்.

தலைக்கு மேலே ஒரு குரல், இங்கிலீஷில்: "வம்சாவளி கீறுகிறீர்கள். ஆனால் பிழையாக."

ஒன்பதாம் மாடி மிஸ். மக்டலீன் வொன் ட்ரேவெலின். ஜெர்மன்காரி, எழுபத்தெட்டு வயது, கைத்தடியை ஊன்றாமல் தூக்கிக்கொண்டு நடப்பார். இந்த இரண்டு வருஷத்தில் என்னோடு பேசியது இரண்டே விஷயம்: லிஃப்ட் பழுது, லிஃப்ட் திருத்தியாயிற்று.

என்ன பிழை என்று கேட்டேன். "பெண்பிள்ளைகளையும் கீழே கொண்டுபோகிறீர்களே. பெண்ணோடு கோடு நிற்க வேண்டும்." எங்கள் பக்கம் காணி சீதனமாகப் பெண்ணோடு போகும், பெண்ணை விட்டுவிட்டால் காணியே தொலைந்துபோகும் என்றேன். தாளைத் தூக்கிப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு ரைப் பண்ணத் தெரியுமா, மிஸ்டர் நாதன்?"

ஓம் என்று சொல்லிவிட்டேன். சண்முகநாதன் என்று முழுதாகச் சொல்லிக் கொடுக்கவும் மறந்துபோனேன்.

செப்ரெம்பர் 17, ஞாயிறு

ஒன்பதாம் மாடிக்குப் போனேன். பெயரில் 'வொன்' இருந்தால் பிரபுக் குடும்பமாம். மாளிகை, வெள்ளிக் கிண்ணம் என்று என் மனிசி திலகவதி கற்பனை பண்ணி அனுப்பினாள். அங்கே இருப்பது ஒரு கட்டில், ஒரு மேசை, பதினொரு அட்டைப்பெட்டி. சுவரில் குடும்பச் சின்னம் மாட்டியிருக்கிறார்: பாதி மீன். மற்றப் பாதி எங்கே என்று கேட்டேன். அறுநூறு வருஷமாக யாருக்கும் தெரியாது என்றார், சிரிக்காமல்.

பால்டிக் கடலோரம் பொமரேனியா என்ற பகுதியில் மூன்று ஊர், ஒரு குளம், ஒரு செங்கற்சூளை. இவ்வளவுதான் சொத்து. இதையே பிரித்து, சேர்த்து, அடைவு வைத்து, மீட்டு அறுநூறு வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். ஒருத்தர் சூதில் ஒரு காட்டைத் தோற்றார். ஒருத்தர் பியர் காய்ச்சிப் பேர் எடுத்தார். பிரஷ்ய ராணுவத்தில் பதினேழு பேர் இருந்தும் ஒருத்தர்கூடக் கேணலுக்கு மேலே போகவில்லை. "எங்களை ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது" என்றார்.

இவர்களைப் பற்றிய முதல் எழுத்து 1337இல். ஒரு மடம் ஆலை ஒன்றை விற்ற உறுதியில் சாட்சியாக ஒரு ஹைன்ரிக் வொன் ட்ரேவெலின். சாட்சியாக! எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். ராசா மகன் என்று தொடங்காமல் சாட்சிக் கையெழுத்தில் தொடங்கிய குடும்பம். எங்கள் தொழில்காரர்.

ஜெர்மனியில் இவர்களுடைய தூரத்துக் கிளைகள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. அடுத்த வருஷம் முழு வம்சத்தையும் புத்தகமாக அடிக்கிறார்களாம். ஜனவரி முடிவுக்குள் மிஸ் தன் கிளையை அனுப்ப வேண்டும். அதை ரைப் பண்ணத்தான் நான். அந்தக் கிளையில் மிச்சம் அவர் ஒருவர்தான். கல்யாணம் செய்யவில்லை. அவருக்குப் பிறகு அது அற்றுப்போனது என்று அச்சாகும்.

செப்ரெம்பர் 24, ஞாயிறு

ஜெர்மன் எழுத்து ஒன்றும் விளங்காது. விளங்கத் தேவையுமில்லை. ஒல்லாந்தர் காலத்துத் தோம்பு என்ற காணிப் பதிவின் பிரதியை எத்தனை தரம் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருப்பேன். சில எழுத்தின் தலையில் இரண்டு பொட்டு வைக்க வேண்டும். அதைக் கொம்பியூட்டரில் எப்படி வரவைப்பது என்று மகள் சுபாங்கி காட்டித் தந்தாள்.

"அப்பா, தே ஆர் ஆல் டெட், ரைட்? பிறகேன் இவ்வளவு கவனமா செய்யிறீங்க?"

செத்தவர்களுடைய பெயரில்தான் கூடக் கவனம் வேண்டும், அவர்கள் வந்து திருத்தமாட்டார்கள் என்றேன். கண்ணை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஒக்ரோபர் 8, ஞாயிறு

இன்று மூக்கு உடைபட்டது. பிறகு ஒட்டிக்கொண்டது.

தாள் ஒன்றுக்கு ஒரு தாய் தகப்பன், அவர்களின் பிள்ளைகள். ஏழு தாள் முடித்து மேசையில் வைத்தேன். மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் விரலை வைத்தார். "இது என்ன?"

பார்த்தால், பழக்கதோஷம். உறுதிக்கு வம்சாவளி எழுதினால் கடைசியில் ஒரு வரி வரும்: மேற்சொன்னவர்களைத் தவிர இவர்களுக்கு வேறு பிள்ளைகளோ உரித்தாளரோ இல்லையென உறுதி கூறுகிறேன். கீழே புள்ளிக்கோடு. அதற்குக் கீழே சாட்சி ஒன்று, சாட்சி இரண்டு. ஏழு தாளிலும் என் கை தன்பாட்டில் அதை இங்கிலீஷில் அடித்து வைத்திருக்கிறது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழித்துத் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம்" என்றார். திரும்ப வாசித்தார். "என் தகப்பனாருக்கு இது பிடித்திருக்கும்." மைப்பேனையை எடுத்து ஏழு தாளிலும் கையெழுத்து வைத்தார். முதல் சாட்சி நான். இரண்டாவதாக பேர்ணடெற்றைக் கூப்பிட்டார். பேர்ணடெற் யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை. மிஸ்ஸுக்குச் சமைத்துக் குளிப்பாட்டிவிட வருகிறவள்.

"அண்ணை, எனக்கு உதிலை ஒண்டும் விளங்கேல்லை. பொலிஸ் வராதுதானே?"

"ஆயிரத்து நானூறாம் ஆண்டு ஆக்கள் பிள்ளை. பயப்பிடாமல் வை."

ஒக்ரோபர் 22, ஞாயிறு

பதினாறு தாள். மிஸ் என்னோடு சண்டை பிடிப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் போல. நான் பெண்பிள்ளைகளின் பிள்ளைகளையும் எழுதுகிறேன், அவர் சிவப்புப் பென்சிலால் வெட்டுகிறார். பெயர் மகனோடு போகும் என்கிறார். காணி மகளோடு போகும் என்கிறேன். பேர்ணடெற் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் வைத்துவிட்டு, "கடைசியிலை ரெண்டும் போயிட்டுதே" என்றாள். மிஸ் அவள் சொன்னதை என்னிடம் மொழிபெயர்க்கக் கேட்டார். சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தார்.

நவம்பர் 1, புதன்

ஆமி வருகிறதென்று ஊர் முழுக்க வெளிக்கிட்டுவிட்டதாம். யாழ்ப்பாணத்துச் சனம் அவ்வளவும், திங்கட்கிழமை பின்னேரத்திலிருந்து, மழைக்குள், ஒரே றோட்டால் தென்மராட்சிப் பக்கம். சைக்கிளிலும் வண்டியிலும் நடையிலும். ரெலிபோன் ஓயவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் சரியாகத் தெரியாது. திலகவதி தன் தமையனின் குடும்பத்தை நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள்.

நவம்பர் 5, ஞாயிறு

திலகவதி எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதினாள், யார் எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க. எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"உங்கடை தங்கச்சியை எழுதட்டோ?"

"அவள் மீசாலையிலைதானே இருக்கிறாள். சனம் அங்கைதான் போகுது. அவளுக்கு என்ன."

"நான் எழுதட்டோ எண்டுதான் கேட்டனான்."

விடு என்றேன். விட்டுவிட்டாள். கமலவேணி. இந்தப் பெயரைக் கடைசியாக எப்போது எழுதினேன் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும். எழுதாமல் விட்ட நாள்தான் தெரியும்.

நவம்பர் 26, ஞாயிறு

கடைசித் தாள். இருபத்துமூன்றாவது. மிஸ்ஸின் தாய் தகப்பன், அவர்களின் பிள்ளைகள்.

மிஸ் கையால் எழுதித் தந்த தாளில் இப்படி: 1. ஹைன்ரிக், 1911, ரஷ்யாவில் சண்டையில் இறப்பு 1942. 2. யோவாகிம், 1912, இறப்பு 1945. 4. மக்டலீன், 1917.

மூன்று எங்கே? உறுதி எழுதுகிறவன் கண் முதலில் போவது இலக்கத்துக்குத்தான். கேட்டேன்.

"எண் பிழை. என்னை மூன்று ஆக்குங்கள்" என்றார். முகம் பெட்டிப் பக்கம்.

பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்க் கொம்பியூட்டரில் மாற்றினேன். அச்சடித்துக்கொண்டு திரும்ப வந்தேன். வழக்கம்போல அடியில் அந்த வரி: வேறு பிள்ளைகளோ உரித்தாளரோ இல்லை. பேனையைத் திறந்தார். முனை புள்ளிக்கோட்டைத் தொட்டது. அப்படியே நின்றது. பிறகு மூடி வைத்தார்.

"இதில் அந்த வரியை எடுத்துவிடுங்கள்."

"இருபத்திரண்டு தாளிலும் இருக்கிறதே, மிஸ்."

"இதில் வேண்டாம்."

பேசாமல் எடுத்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "அப்படியென்றால் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்" என்றேன்.

"நீங்கள் ரைப் பண்ண வந்தவர்" என்றார். கதவைக் கைத்தடியால் காட்டினார். பேர்ணடெற் சட்டியைக் கையில் வைத்தபடி நின்றாள். என் குளிர்க்கோட்டை எடுக்கவும் மறந்து கீழே வந்து, திரும்பப் போய் எடுக்க மனமில்லாமல், குளிரில் பஸ்ஸுக்கு நின்றேன்.

நவம்பர் 27, திங்கள்

கிழவியைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி?

எழுதிவிடுகிறேன். இந்தக் கொப்பியை வேறு ஒருவரும் பார்க்கப் போவதில்லை.

அம்மா அப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். பெரியண்ணை இரத்தினவேல், நான், கமலவேணி. 1974இல் வேணி கூட்டுறவுச் சங்கக்கடை லொறி ஓட்டிய அன்புராசாவோடு போனாள். எங்கள் ஆட்கள் இல்லை. அன்புராசா நல்ல பெடியன், அது எனக்கு அப்போதும் தெரியும். றோட்டில் என்னைக் கண்டால் சைக்கிளில் இருந்து இறங்கி நிற்கிற ஆள். ஆனால் அப்பா அவள் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்றார். நாங்களும் சொல்லவில்லை.

அப்பா 1976இல் செத்தார். அவளுக்குச் சீதனம் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. சட்டப்படி எங்களைப் போல அவளுக்கும் பங்கு உண்டு. இந்தச் சட்டம் ஊரில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் வேறு யார்? பெரியண்ணை சொன்னார், "நாங்கள் ரெண்டு பேர்தான் எண்டு எழுது." 1977 ஆவணியில், என் மேசையில், என் கையெழுத்தில் எழுதினேன். காலஞ்சென்றவருக்கு இப்பிள்ளைகள் இருவரைத் தவிர வேறு பிள்ளைகளோ உரித்தாளரோ இல்லை. நொத்தாரிசு ஐயா என்னை ஒரு தரம் பார்த்தார். "சரியோ, சண்முகநாதன்?" சரி ஐயா என்றேன். அவருக்கும் வேணியைத் தெரியும். கந்தோருக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து தருகிறவள் அவள்தானே.

பெரியண்ணை இப்போது இல்லை. காணி நான் நாட்டை விட்டு வெளிக்கிட்டபோது விற்றாயிற்று. அண்ணை சொல்லித்தான் எழுதினேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். பேனை யாருடைய கையில் இருந்தது? சீ, என்ன மனுஷன்டா நான். கூடப்பிறந்தவளை ஒரு வரியாலை இல்லாமல் பண்ணிப்போட்டு ஒண்டும் நடக்காத மாதிரிச் சாப்பிட்டுப் படுத்திருக்கிறன்.

டிசம்பர் 5, செவ்வாய்

மிஸ் லொபியால் போனார். குட்மோர்னிங் சொன்னேன். கேட்கவில்லை, அல்லது கேட்டது.

டிசம்பர் 20, புதன்

பேர்ணடெற் போகும்போது மேசையில் நின்றாள். "அவ ஒழுங்காச் சாப்பிடுறேல்லை அண்ணை. அந்தத் தாள் சாப்பாட்டு மேசையிலையே கிடக்குது. நான் துடைக்கேக்கை எடுத்தால் ஏசுறா. நீங்கள் ஒருக்கா மேலை வந்து மன்னிப்புக் கேளுங்கோவன்."

நான் எதுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். "அப்ப கேளாதையுங்கோ. உங்கடை கோட்டையாவது வந்து எடுங்கோ. வெளியிலை சினோப் பனி கொட்டுது."

1996 ஜனவரி 14, ஞாயிறு

லொபிக்கு மிஸ்ஸே ரெலிபோன் எடுத்து, என் வீட்டு நம்பர் வாங்கி, காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டார். "இயந்திரத்தோடு வாருங்கள்." இயந்திரம் பெட்டியளவு பெரியது, பஸ்ஸில் கொண்டுவர முடியாது என்றேன். "அப்படியென்றால் தலையோடு வாருங்கள்."

போனேன். இருபத்துமூன்றாம் தாளில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மையால் எழுதியிருந்தார்: இர்ம்கார்ட், பிறப்பு 1914. அவ்வளவுதான். நான் விட்டுப்போன குளிர்க்கோட்டை மடித்துக் கதிரையில் வைத்திருந்தார்.

பிறகு சொன்னார். என்னைப் பார்க்காமல், அந்தப் பாதி மீனைப் பார்த்துக்கொண்டு.

இர்ம்கார்ட் அக்கா 1936இல் ஊர்க் கொல்லன் மகனைக் கட்டினார். தகப்பன் குடும்ப வேதாகமத்தில் அவர் பெயரை வெட்டினார். அரைக் கட்டை தூரத்தில்தான் வீடு. ஒன்பது வருஷம் ஒருவரும் போகவில்லை. 1945 ஜனவரியில் ரஷ்யர் வருகிறார்கள் என்று ஊரே வெளிக்கிட்டது. பனி, வண்டிகள், ஒரே றோட்டு. இவர்களுடைய வண்டி கொல்லன் வீட்டைத் தாண்டிப் போனது. அக்கா வாசற் படலையில் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவர்களிடம் வண்டி இல்லை. புருஷன் சண்டைக்குப் போயிருந்தான். கடிவாளம் தகப்பன் கையில். அவர் நிறுத்தவில்லை.

"வண்டியில் இடம் இருந்தது, மிஸ்டர் நாதன். நான் வெள்ளிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் குதிரையைப் பார்த்தேன்."

பேர்ணடெற்றுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்து மிஸ்ஸின் தோளில் கையை வைத்தாள்.

எனக்கும் வாய் திறந்துவிட்டது. வேணியைப் பற்றி, அந்த உறுதியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். என் மனிசிக்குக்கூட முழுதாகச் சொல்லாதது. கேட்டுவிட்டு மிஸ் மூக்கைச் சீறிக்கொண்டு கேட்டார்: "உங்கள் தங்கை இப்போது எங்கே?"

"தெரியாது."

"உயிரோடு இருக்கிறாளா?"

"தெரியாது."

"எனக்கு எழுபத்தெட்டு. உங்களுக்கு?"

"ஐம்பத்துநாலு."

"உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் என்னைவிட மோசம்" என்றார். கோபம் வரவில்லை. சரிதானே.

ஜனவரி 27, சனி

இருபத்துமூன்று தாளும் பதிவுத் தபாலில் போயிற்று. கடைசித் தாளில் நாலு பிள்ளைகள், அடியில் அந்த வரி, மிஸ்ஸின் கையெழுத்து. அதே நாளில் இன்னொரு கடிதமும் ரைப் பண்ணிக் கொடுத்தேன்: ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கத்தில் காணாமல்போனோரைத் தேடும் பகுதிக்கு. இர்ம்கார்ட்டைத் தேடித் தரும்படி. ஐம்பத்தொரு வருஷம் கழித்து.

பெப்ரவரி 11, ஞாயிறு

வேணிக்கு எழுத இருந்தேன். 'அன்புள்ள தங்கச்சிக்கு' என்று எழுதினேன். அன்புள்ள என்று எழுத எனக்கு என்ன உரிமை? வெட்டிவிட்டு 'கமலவேணிக்கு' என்று எழுதினேன். அது அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரி இருக்கிறது. தாளை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தேன். வேலைக்குப் போக நேரமாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. இந்தக் கொப்பியிலுமா பொய் எழுதுகிறேன்?

ஏப்ரல் 28, ஞாயிறு

தென்மராட்சியும் ஆமியிடம் போய்விட்டது. சனம் திரும்ப எழும்பி, கிளாலியால் கடல் கடந்து வன்னிக்குள் போகிறதாம். மீசாலையில் ஒருவரும் இல்லையாம். இங்கே மில்லிக்கனில் இருக்கும் ஒருவருடைய தாய், ஊரில், அன்புராசா குடும்பத்தைக் கரையில் வள்ளத்துக்கு நிற்கக் கண்டதாகச் சொன்னாராம். எத்தனை பேர் நின்றார்கள் என்று கேட்டேன். பிள்ளைகள் எத்தனை என்றுகூட எனக்குத் தெரியாது; பிறகு எண்ணிக்கையைக் கேட்டு என்ன செய்ய?

மே 12, ஞாயிறு

ஜெர்மனியிலிருந்து மிஸ்ஸுக்கு இரண்டு கடிதம்.

சங்கத்தின் கடிதம் ஒன்று. இர்ம்கார்ட் மூன்றாம் இலக்கமாக அச்சாவாராம். ஆனால் விதிப்படி அவருக்குக் கீழே ஒன்றும் வராது. பெண்ணோடு கோடு நின்றுவிடும். நான் சொன்ன பெண்வழிச் சண்டைக்குப் பதில் சொல்வது போல மிஸ் என்னைப் பார்த்தார். 

மற்றது செஞ்சிலுவை. இர்ம்கார்ட் அன்றைக்கு நடந்தே தப்பியிருக்கிறார். குழந்தையோடு. பிறகு கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்னப் பட்டணத்தில் தையல் வேலை. இறந்தது 1979 மார்ச்சில். மகள் இருக்கிறார், விலாசம் இருக்கிறது.

மிஸ் விரலால் மேசையில் தட்டித் தட்டி எண்ணினார். நாற்பத்தைந்திலிருந்து எழுபத்தொன்பது. "முப்பத்துநான்கு வருஷம்" என்றார். "முப்பத்துநான்கு வருஷம் அவளுக்கு ஒரு விலாசம் இருந்திருக்கிறது. ஒரு முத்திரை ஒட்டினால் போதும்."

வெளியே வந்து பஸ்ஸில் ஏறவில்லை. வீடுவரை நடந்தேன்.

யூன் 2, ஞாயிறு

எழுதிவிட்டேன். நாலு பக்கம். சுகம் விசாரிப்பு ஒன்றுமில்லை. உறுதியில் நான் என்ன எழுதினேன், எந்தத் திகதியில், எந்தச் சொல்லில், எல்லாம் அப்படியே எழுதினேன். காணி இனி இல்லை என்றும் எழுதினேன். பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் கேட்டேன். அண்ணை சொன்னார் என்பதை மட்டும் எழுதவில்லை.

திலகவதிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கைவேலையை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு சொன்னாள்: "உதை இருபது வருஷத்துக்கு முதல் எழுதியிருக்கலாமே, என்னப்பா. நான் கலியாணம் கட்டி வந்த அண்டைக்கே உங்கடை அம்மா குசினிக்குள்ளை என்னைப் பிடிச்சு அழுதவ. எனக்கு ஒரு மகளும் இருக்கிறாள் பிள்ளை எண்டு."

எனக்குத் தெரியாது. அம்மா என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவா?

வன்னிக்குத் தபால் நம்ப முடியாது. பேர்ணடெற்றின் ஒன்றுவிட்ட தம்பி வவுனியாவில் பாதர். உள்ளே அடிக்கடி போய் வருகிறவர். அவரிடம் அனுப்பி, ஆளைத் தேடிக் கொடுக்கச் சொல்லலாம் என்றாள். கடிதத்தை வாங்கிப் பைக்குள் வைக்கும்போது, "ஒட்டிப்போட்டியளோ? நல்லது. நான் வாசிச்சுப்போடுவன்" என்றாள்.

யூலை 21, ஞாயிறு

மிஸ்ஸுக்கு அக்கா மகளிடமிருந்து பதில் வந்திருக்கிறது. ஐந்து வரி. மிஸ் எனக்கு இங்கிலீஷில் சொன்னார்: "அம்மா உங்களைப் பற்றிப் பேசுவார். அந்த வண்டியைப் பற்றியும் பேசுவார். படலையில் அம்மா தூக்கி வைத்திருந்த குழந்தை நான்தான்." அடியில் ஒரு ரெலிபோன் நம்பர், வேறொன்றும் இல்லை.

"எடுக்கட்டுமா?" என்று என்னைக் கேட்டார். என்னைக் கேட்கிறார், பாருங்கள். நம்பரை நான்தான் அழுத்திக் கொடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடித்தது, யாரோ எடுத்தார்கள். மிஸ் தன் முழுப்பெயரைச் சொன்னார், 'வொன்' இல்லாமல். நானும் பேர்ணடெற்றும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம்.

செப்ரெம்பர் 8, ஞாயிறு

பாதரிடமிருந்து செய்தி. கடிதம் சேர்ந்தது. அக்கராயன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்களாம். உயிரோடு இருக்கிறாள். வேணி உயிரோடு இருக்கிறாள்.

பதில் தருவாளா? தராவிட்டாலும் நியாயம்தான்.

ஒக்ரோபர் 19, சனி

வேணியின் கடிதம் வந்தது. கொப்பித்தாள் ஒன்று, இரண்டு பக்கமும் நுணுக்கி எழுதியிருக்கிறாள். அவள் எழுத்து மாறவில்லை. அப்படியே இங்கே பார்த்து எழுதுகிறேன்.

"சின்னண்ணைக்கு, உங்கடை கடிதம் கிடைச்சது. உறுதியிலை என்ரை பேர் இல்லை எண்டு எனக்கு அப்பவே தெரியும். பெரியண்ணை ஆள் விட்டுச் சொன்னவர். நீங்கள் எழுதினது எண்டும் தெரியும், உங்கடை எழுத்து எனக்குத் தெரியாதோ? நான் கன நாள் அழுதனான். இப்ப அந்தக் கதை வேண்டாம். நாங்கள் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திட்டம், காணியைப் பற்றி இனி எழுதாதேங்கோ.

இவருக்கு நெஞ்சு வருத்தம், மற்றும்படி சுகம். எங்கடை பிள்ளையள் நாலு பேர். நீங்கள் கேட்டபடியால் எழுதுறன்.

லக்சிகா, 1975 மார்கழி 2.
ரதி, 1977 ஆவணி 30.
ஜனார்த்தன், 1979 ஐப்பசி 11 – 1996 சித்திரை 24.
சுகந்தன், 1984 தை 5.

உங்கடை பிள்ளையளின்ரை பேரும் பிறந்த திகதியும் எனக்குத் தெரியாது. எழுதி அனுப்புங்கோ. பிள்ளையள் கேட்கினம்."

வேறொன்றும் எழுதவில்லை. ஜனார்த்தனுக்கு என்ன நடந்தது என்று எழுதவில்லை. கடற்கரையிலா, வள்ளத்திலா, ஒன்றுமில்லை. ரதி பிறந்தது 1977 ஆவணி. நான் அந்த வரியை எழுதிய மாதம். அவன் செத்த சித்திரையில், வேணியின் பெயர் மட்டும் எழுதிய என் தாள் லாச்சிக்குள் மடித்தபடி கிடந்தது.

திலகவதி வாசித்துவிட்டு அறைக்குள் போனாள். சுபாங்கி வந்து என்ன என்று கேட்டாள். கடிதத்தைக் கொடுத்தேன். அவள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். உரக்க வாசித்தாள். மூன்றாவது பெயரில் நின்றாள்.

"அப்பா, இவர் என்னைவிட ஒரு வயசுதான் சின்னவர்."

ஓம் என்றேன்.

"எங்களுக்கு இவ்வளவு பேர் இருக்கிறாங்க எண்டு ஏன் சொல்லேல்லை?"

நான் கடிதத்தை வாங்கி மடித்தேன்.  அவள் என் பேனையை எடுத்து, ஒரு புதுத்தாளில், தன் பெயரையும் தம்பி வினோதனின் பெயரையும் பெரிய பெரிய எழுத்தில் எழுதினாள். பிறந்த திகதியும் போட்டாள். அப்பாவின் தங்கச்சியை என்ன முறை சொல்லி, மேலே யாருக்கு என்று எழுதுவது என்று கேட்டாள்.

மாமிக்கு என்று எழுது என்றேன்.